இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

இந்த ஊரில் காருக்குப்
பிறந்த நாளும் தெரியும், கெடு நாளும் தெரியும்.
பத்து வருடம். காசிருந்தால் தள்ளிப்போடலாம்.
இல்லாவிட்டால் நசுக்கிக் கட்டி
கப்பலுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எங்கள் வண்டி காகிதத்தில் என்றோ செத்தது.
மோரிஸ் மைனர் ஓடு.
லிம் சூ காங்கில் ஒரு பண்ணைக்காரர்
அதற்குள் கோழித் தீவனம் கொட்டி வைத்திருந்தார்.
நானூறு வெள்ளி என்றார்.
முன்னூற்று இருபது, எச்சத்தை நாங்களே கழுவிக்கொள்கிறோம்
என்றாள் ஜெசிந்தா.
படிந்தது பேரம்.

எஞ்சின், விபத்தில் முகம் போன நிசான் வேனுடையது.
இருக்கை, பேருந்துப் பணிமனையில் கழித்துப் போட்டது.
அங்கேதான் எனக்கு இரவு வேலை;
முத்திரை குத்திய ரசீது இருக்கிறது, நம்புங்கள்.
ரேடியேட்டர் எங்கிருந்து வந்ததென்று
ரொஸ்லான் சொல்லமாட்டான்.
கியர்க் குமிழ், இரண்டு மாஜோங் காய்களை ஒட்டியது.
வீ கியாட்டின் அம்மா இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

வாங்கியதைவிட வெட்டியது அதிகம்.
கூரையைச் சீவ ஒரு ஞாயிறு போனது.
நாலு அங்குலம் இறங்கினால்தான் அழகு என்றோம் மூவர்.
மூன்று போதும் என்றான் வீ கியாட்.
ஆறடி இரண்டங்குலம் அவன்.
வாக்கெடுப்பில் தோற்றான்.
இப்போது உள்ளே உட்கார்ந்தால்
கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது,
யாரோ காதோடு சொல்லும் ரகசியத்தைக்
கேட்டுக்கொண்டே இருப்பவன் போல.

என் பற்றவைப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.
இடது தூணில் அது
சுவரேறி வழி மறந்த எறும்பு வரிசை.
வலது தூணுக்கு வருவதற்குள்
கொஞ்சம் கற்றிருந்தேன்.

சுங்கை காடுட்டில் எங்கள் கொட்டகைக்கு எதிரே
புது இரும்புக்குத் துரு பூசித் தருகிறார்கள்.
மூன்று நிறத் துரு. சதுர அடிக்கு விலை.
பழைய பாணிதான் இப்போது புதுசாம்.
அங்கே வந்த ஒருவர் சாலை தாண்டி வந்து
எங்கள் கதவைத் தடவினார்.
"எந்தக் கடைப் பூச்சு?"
ரொஸ்லான் வடக்கே, நீரிணைப் பக்கம் கை காட்டினான்.
"உப்புக் காத்து சார். இருபத்து நாலு மணி நேரமும் திறந்திருக்கும்."

சிரித்தார். பிறகு,
அலங்காரத்துக்கு நிறுத்த வேண்டும், பன்னிரண்டாயிரம் என்றார்.

என் நோட்டில் அதுவரை ஆன செலவு
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு வெள்ளி, அறுபது காசு.
அன்று மாலை கம்ப்ரசர் மட்டும் பேசியது.
வீட்டுத் தவணை மூன்று மாதம் பாக்கி ஜெசிந்தாவுக்கு.
எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் எங்களுக்குத் தெரியுமென்று.
எண்ணெய்த் துணியை நாலாக மடித்தாள்,
பிரித்தாள்,
"முதல்ல ஓடட்டும்" என்றாள்.

சாலைக்குப் போக உரிமைச் சான்றிதழ் வேண்டும்.
அதன் விலையை இந்தக் கவிதையில் எழுதினால்
கவிதை கடனாளியாகிவிடும்.
எங்களுக்கு இருந்தது கம்ப்ரசரிலிருந்து வெளிவாயில் வரை,
நாடா வைத்து அளந்த
இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

மரக்கடைகள் மூடிய பிறகு, மழை விட்ட பிறகு,
ஜெசிந்தா சாவிக்குப் பதிலாக இருந்த
அழைப்பு மணிப் பொத்தானை அமுக்கினாள்.
இருமியது. இன்னொரு முறை இருமியது.
பிறகு தகரக் கூரையெல்லாம் ஒரே நேரத்தில்
தங்கள் ஆணிகளை எண்ணிப் பார்த்துக்கொண்டன.

காவலாளி புண்ணியகோடி வாயிலில் நின்று
கைபேசியில் நேரம் பிடித்தார்.
பத்தொன்பது நொடி.
மூடிய கேட்டுக்கு இரண்டடி முன்னால்
பிரேக் பிடித்தது. அதுவும் பிடிக்குமென்று
யாரும் உறுதியாகச் சொல்லியிருக்கவில்லை.
கம்பிகளுக்கு அந்தப் பக்கம் நின்ற சிமெண்டு லாரி
விளக்கை இரண்டு தரம் சிமிட்டிவிட்டுப் போனது.

ரிவர்ஸ் விழவில்லை.
மூன்று பேர் தள்ளினோம். புண்ணியகோடி நான்காவது.
ஜெசிந்தா உள்ளேயே இருந்தாள்,
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, ஒன்றும் பேசாமல்.
விற்பாளா மாட்டாளா,
பின்னாலிருந்து தள்ளுகிறவனுக்கு முகம் தெரியாது.

நோட்டில் எழுதினேன்:
பெட்ரோல், ஏழு வெள்ளி இருபது காசு.
ஓடிய தூரம், இருநூற்றுப் பன்னிரண்டு.
திரும்பிய தூரத்தை எழுதவில்லை.
அது நாங்கள் நடந்தது.